நகர்ப்புறப் போர்ப் பயிற்சியில் பாவனை விளைவுகள்

நகர்ப்புறப் போர்ப் பயிற்சி என்பது தெருக்களிலும் கட்டிடங்களுக்குள்ளும் சண்டையிடப் படைவீரர்களைப் பழக்குவதாகும். இங்கு எதிரி அடுத்த அறையிலேயே இருக்கலாம். பொதுமக்களும் அங்கே இருக்கலாம். சுடுவதா வேண்டாமா என்பதை நொடியில் முடிவுசெய்ய வேண்டும்.

வெற்றுத் தோட்டாக்களை மட்டும் கொண்டு நடந்த பழைய பயிற்சிகளில், யார் சுடப்பட்டார் என்பதை நடுவரே தீர்மானித்தார். 1980 அளவில் அமெரிக்கத் தரைப்படை ‘மைல்ஸ்’ என்ற லேசர் முறையைக் கொண்டுவந்தது. வெற்றுத் தோட்டா வெடித்ததும், துப்பாக்கியில் பொருத்திய கருவி லேசர் கதிரை அனுப்பும். எதிராளி அணிந்துள்ள உணரிகளில் அது பட்டால் ஒலி எழும். ஆனால் உண்மைத் தோட்டா துளைத்துச் செல்லும் மெல்லிய பலகையைக்கூட லேசர் கடக்காது. கட்டிடச் சண்டையில் இது பெரிய குறை.

பயிற்சிக் களங்களும் எதிர்பார்த்த போருக்கேற்ப மாறின. பனிப்போரின் இறுதியில் பிரித்தானியா, சாலிசுபரி சமவெளியில் ஜெர்மானியச் சிற்றூர் போன்ற ‘கோப்பில் டவுன்’ களத்தை அமைத்தது. ஈராக் போரின்போது, 2007இல், கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் தளத்தில் பழைய தக்காளிப் பொதியிடும் கூடமொன்று ஈராக்கியத் தெருவாக மாற்றப்பட்டது. நடிகர்கள், திரையில் தோன்றும் மனித உருவங்கள், வெடியோசை, புகை, நாற்றம் ஆகியவை அங்கு பயன்பட்டன. சான் டியாகோவில் திரைத்துறையினர் செயற்கை இரத்தத்துடன், கைகால் இழந்த நடிகர்களைக் காயமுற்றோராக நடிக்கவைத்தனர்.

முதல் சண்டையின் திகைப்பைப் பயிற்சியிலேயே கடக்கச் செய்வதே இவற்றின் நோக்கம். இங்கு தவறாகச் சுடப்பட்டவர் எழுந்து நடப்பார். உண்மைத் தெருவில் எழமாட்டார்.