காத்திருப்போர் இருக்கையும் கல்லூரிக் கூடைப்பந்தும்

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. ஆனால் களத்தின் ஓரத்தில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரரின் இடம், விதிகள் மாற மாறப் படிப்படியாகவே உருப்பெற்றது. தொடக்கத்தில், களத்தை விட்டு வெளியேறியவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது. கல்லூரி ஆட்டத்தில் 1920-21 பருவத்தில் ஒருமுறையும் 1933-34-இல் இருமுறையும் மீண்டும் இறங்கலாம் என விதி தளர்ந்து, 1944-45-இல் வரம்பே நீக்கப்பட்ட பின்னர், சில நிமிடங்களுக்கு மட்டும் இளையவரை இறக்கிப் பார்ப்பது பயிற்றுநர்களுக்கு எளிதாயிற்று.

காத்திருப்பைக் கட்டாயமாக்கிய விதிகளும் இருந்தன. போர்க்கால விலக்குகள் நீங்கலாக, பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர் தலைமை அணியில் ஆடும் உரிமையை 1972-இல்தான் நிலையாகப் பெற்றனர். அதற்கு முந்தைய ஆண்டு, கூடைப்பந்தாட்டக்காரர் ஸ்பென்சர் ஹேவுட் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை, பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழியும் முன்பே தொழில்முறைக் கழகங்களில் சேர வழி திறந்தது. இதனால் திறன்மிக்கோர் கல்லூரியில் தங்கும் காலம் குறைய, நான்காண்டும் தங்கி மெல்ல வளர்வோர் அரிதாயினர்.

அவ்வரியோருள் ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் காமின்ஸ்கி. ஏழடி உயரமுடைய அவர், மூத்த மாணவர்கள் முன்னிடம் வகித்தமையால், 2011-12 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 புள்ளியும் மறு பருவத்தில் 4.2 புள்ளியும் மட்டுமே எடுத்தார். மூத்தோர் படிப்பு முடித்து விலகியதும் தொடக்க ஐவருள் இடம்பெற்ற அவர், 2013 நவம்பரில் வட டகோட்டா அணிக்கு எதிராக 19 எறிதல்களில் 16-ஐக் கூடையில் சேர்த்தார். வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மும்மூன்று புள்ளி பெறும் எறிதல் ஆறும் தவறவில்லை. அன்று அவர் எடுத்த 43 புள்ளிகள் அப்பல்கலைக்கழகத்தின் புதிய சாதனையாயின. இறுதியாண்டில் அவரது சராசரி 18.8 ஆக உயர்ந்தது. 38 ஆட்டங்களில் தோல்வியே காணாத கென்டக்கி அணியை, கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் 2015 அரையிறுதியில் விஸ்கான்சின் 71-64 என வீழ்த்தியபோது 20 புள்ளிகள் அவருடையவை. இறுதி ஆட்டத்தில் டியூக் அணியிடம் விஸ்கான்சின் தோற்றாலும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய நைஸ்மித் விருது அவரையே சேர்ந்தது.

பல்கலைக்கழகம் மாறுவோர் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021-இல் முதல் மாற்றத்துக்குத் தளர்ந்தபின், வாய்ப்பின்றி அமர்ந்திருப்பவர் வேறிடம் செல்வது எளிதாகிவிட்டது. தனிமனிதரின் பொறுமையாக மட்டும் போற்றப்படும், காமின்ஸ்கியினுடையது போன்ற எழுச்சி, அப்பொறுமைக்குப் பயன் உண்டு என்று உறுதியளித்த விதிகளின் விளைவுமாகும்.