வாப்பும்மா சொன்ன மாதமும் கடதாசியில் இருந்த எண்ணும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, இரண்டாம் உலக யுத்த காலத்தில் கப்பலில் போனவர். புறக்கோட்டையில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்த பழைய ஆட்களிடம் கேட்டால், "அவர் கப்பல் எஞ்சினியர்" என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லி வளர்ந்தோம். நாங்கள் பிறக்கும் முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி, அதற்குள் மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கடதாசி, வாப்பும்மா சொன்ன சில கதைகள். அவ்வளவுதான்.

சென்ற வருடம் வகுப்பில் உலக யுத்தம் படிப்பித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "அது வெள்ளைக்காரன்ட சண்டை தானே சேர், எங்களுக்கு என்ன?" பதில் சொன்னோம். ஆனால் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. அன்று இரவு அந்தப் பெட்டியைத் திறந்தோம்.

முதலில் வாப்பும்மாவின் கதையைச் சரிபார்த்தோம். "மௌலூது மாசத்துல தான் மகன் கொழும்புக்குக் குண்டு போட்ட. நாங்க பேருவளைக்கு ஓடின" என்பார். ஆங்கிலத் திகதி அவருக்குத் தெரியாது. கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஹிஜ்ரி கணக்கில் அது 1361 ரபீஉல் அவ்வல் மாதத்தின் மூன்றாம் வாரம். எழுத வாசிக்கத் தெரியாத வாப்பும்மா, மாதத்தைத் தவறாமல் நினைவில் வைத்திருந்தார்! பெரியவர்களின் பேச்சை "பழங்கதை" என்று ஒதுக்கக் கூடாது என்பதை அன்றுதான் படித்தோம்.

முதல் நாள், ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து பறந்த கனடா விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அதற்குள் பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தன. இல்லையென்றால் சேதம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அப்படியும் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கின. சனம் கொழும்பை விட்டு ஓடியது.

எல்லோரும் ஓடிய அந்த வருடம் அப்பா ஏன் கப்பல் ஏறினார்? இதற்கு விடை சோற்றுப் பானையில் இருந்தது. அன்று இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, அதிலும் அதிகம் பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. அந்த மாவும் தானியமும் கடலால்தான் வர வேண்டும். கப்பலில் சம்பளமும் உண்டு. கலியாணம் முடித்து இரண்டு வருடமான ஓர் இளைஞனுக்கு வேறு காரணம் தேவையா?

அடுத்தது அந்தக் கடதாசி. கப்பலிலிருந்து இறங்கும்போது கொடுக்கும் சான்றுச் சீட்டு அது. கப்பலின் பெயர் இருந்த இடத்தை மடிப்பு தின்றுவிட்டது. ஆனால் ஓர் எண் தெளிவாக இருந்தது. எதற்கான எண் என்று விளங்கவில்லை. விசாரித்தபோது புரிந்தது: பிரித்தானியக் கொடியில் ஓடிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. யுத்த கால மாலுமிகளின் ஒப்பந்தத் தாள்களும் அந்த எண் வரிசைப்படிதான் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கப்பலின் பெயர் தெரியாவிட்டாலும் எண் போதும்.

லண்டனில் இருக்கும் எங்கள் மச்சான் ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்துப் படம் அனுப்பினார். எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியதால் அப்பாவின் பெயரே மாறிக் கிடந்தது. அவருடைய வாப்பாவின் பெயரும் "கொழும்பு" என்ற ஊரும் வயதும் வைத்துத்தான் இனங்கண்டோம். பக்கத்தில் கையொப்பம் இல்லை, பெருவிரல் அடையாளம். தொழில் என்ற இடத்தில் எஞ்சினியர் இல்லை. ஃபயர்மன். கொதிகலன் அடுப்புக்குக் கரி வாரிப் போடுபவர்.

வாப்பாவிடம் காட்டினோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர்ட கையில நெருப்புத் தழும்பு இருந்த" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் முதலில் கொஞ்சம் வெட்கம்தான். பிறகு அந்த வேலை என்னவென்று வாசித்தோம். கொதிகலன் அறை இருப்பது நீர்மட்டத்துக்குக் கீழே. டோர்பிடோ பட்டால் தப்ப வாய்ப்பு மிகக் குறைந்தவர்கள் அங்கே நின்றவர்கள். 1944 பெப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து எங்கள் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. 1,297 பேர் இறந்தார்கள். அப்பா ஓடிய கடலும் அதுதான்.

பிரித்தானிய வணிகக் கப்பல்களில் இந்த யுத்தத்தில் வேலை செய்த தெற்காசிய மாலுமிகள் ஏறத்தாழ 50,000 பேர். "லஸ்கார்" என்றுதான் பதிவு. வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939இல் யுத்தம் தொடங்கியதுமே, கூடுதல் சம்பளம் கேட்டுக் கப்பலேற மறுத்துப் பலர் சிறை சென்றார்கள். 6,000க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் கடலில் மறைந்த மாலுமிகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. லஸ்கார்களின் பெயர்களோ பெரும்பாலும் மும்பையிலும் சிட்டகொங்கிலும் வைத்திருக்கும் புத்தகங்களுக்குள் இருக்கின்றன.

இனி அந்தப் பிள்ளைக்கு எங்களிடம் பதில் இருக்கிறது. சண்டையை நாங்கள் தொடங்கவில்லை. ஆனால் அதன் அடுப்புக்குக் கரி போட்டவர்களில் இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளியில் தொழுதுவிட்டுக் கப்பலேறிய எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

இந்தப் பதிவின் நோக்கம் அப்பாவின் பெருமை அல்ல. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் இப்படி எத்தனையோ தகரப் பெட்டிகள் இருக்கும். வீடு மாறும்போது குப்பையில் போடாதீர்கள். எந்தக் கடதாசியிலும் உள்ள எண்களைப் படம் பிடித்து வையுங்கள். பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காமல் "நோன்புக்கு முன்னா பின்னா, ஹஜ்ஜு மாசமா, மௌலூது மாசமா?" என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இனி யாரும் அவரை எஞ்சினியர் என்று சொல்வதில்லை. ஃபயர்மன் என்றே சொல்கிறோம். அவருக்காகவும், கடலே கபுராகிப்போன அவருடைய கூட்டாளிகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.