மலையிறங்கிய சைக்கிளும் எண்ணெய்க் கவையும்

சைக்கிளில் வேகமாகச் செல்லும்போது முன்சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறினால் என்ன நேர்கிறது? கைப்பிடி அதிர்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. சக்கரம் தரையை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன் பிரேக்கை அழுத்தினாலும் வேகம் குறையாது. வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய உராய்வு விசை தரையிலிருந்துதானே கிடைக்கிறது! அப்படியானால், கரடுமுரடான பாதையில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைப்பது எப்படி?

வில்லும் காற்றும்

1885-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ‘விப்பெட்’ என்ற சைக்கிளில் சுருள்வில் பொருத்தினார்கள். அக்காலத்தில் டயர்கள் திண்ம ரப்பரால் ஆனவை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சாலையில் ஓட்டுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனவே வில்லின் தேவை குறைந்தது.

புகைந்த கிரீஸ்

1976 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபேக்ஸ் என்ற ஊரின் அருகே இளைஞர்கள் சிலர் மலையிறங்கும் பந்தயம் ஒன்றை நடத்தினர். பருமனான டயர் கொண்ட பழைய சைக்கிள்களே அவர்களுடைய வண்டிகள். பாதையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்றால், இழக்கும் நிலையாற்றல் 100 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 4 இலட்சம் ஜூல்! இதில் பெரும்பகுதி பின்சக்கரக் குடத்திலுள்ள பிரேக்கில் வெப்பமாக மாறியது. குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போயிற்று. மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், ‘மறுபடி அடை’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே பந்தயத்தின் பெயராயிற்று.

கவைக்குள் எண்ணெய்

மலைச் சைக்கிள் இங்ஙனம் வளர்ந்தது. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை (கடைக்காரர்கள் ‘போர்க்’ என்பது இதைத்தான்) வளையாத இரும்பாகவே இருந்தது. அதில் ஒரு வில்லை வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுருள்வில் ஒன்றில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சற்று இழுத்து விடுங்கள். அது நெடுநேரம் மேலும் கீழும் ஆடும். இப்போது எடைக்கல்லை விளக்கெண்ணெயில் மூழ்கச் செய்து இழுத்து விடுங்கள். ஆட்டம் விரைவில் ஓய்ந்துவிடும். வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. எண்ணெயோ அதை வெப்பமாக மாற்றிவிடுகிறது. வில் மட்டும் இருந்தால் சக்கரம் குதித்துக்கொண்டே இருக்கும்.

மோட்டார் சைக்கிள் துறையில் இது முன்பே தெரிந்த செய்தி. 1935-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் குழாய்க் கவையுடன் வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹோண்டா மோட்டார் சைக்கிள் பந்தயக் குழுவில் பணியாற்றிய பால் டர்னர் இக்கருத்தைச் சைக்கிளுக்கு ஏற்றார். 1989-இல் அவருடைய ‘ராக்ஷாக்ஸ்’ கவை வந்தது. அதில் அமுக்கப்பட்ட காற்றே வில். சிறு துளைகளின் வழியே பாயும் எண்ணெய் தணிப்பான். அது அமுங்கும் தொலைவு 5 செண்டிமீட்டர் அளவே. ஆயினும் 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில், அக்கவையுடன் மலையிறங்கிய கிரெக் ஹெர்போல்டு வெற்றி பெற்றார். வேறு சிலர் எண்ணெய்க்குப் பதில் ரப்பர் போன்ற மீள்பொருளை வைத்தனர். அதன் அமைப்பு எளிது. ஆனால் குளிரில் அது இறுகிவிடும்.

பேணும் முறை

இக்கவையை வைத்திருப்பவர் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே. ஏறி அமர்ந்ததும் கவை தன் முழு அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தாழ வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடும். காற்றழுத்தத்தை இதற்கேற்ப அமைக்க வேண்டும். வழுக்கும் குழாய்களை ஒவ்வொரு முறையும் துணியால் துடையுங்கள். பீய்ச்சும் நீரால் கழுவினால் அடைப்பு வளையத்தைத் தாண்டி மண் உள்ளே நுழைந்துவிடும். தயாரிப்பாளர் குறித்துள்ள காலத்தில் எண்ணெயை மாற்றுங்கள்.

ரீபேக் பந்தயத்தில் கிரீஸ் தீர்ந்ததைப் புகை காட்டிக் கொடுத்தது. கவைக்குள் எண்ணெய் கெடுவதற்கு அத்தகைய எச்சரிக்கை கிடையாது. அடுத்த கல்லில் சக்கரம் துள்ளும்போதுதான் தெரியும்.