உழவு கற்பித்தற்கு உலகஞ் சென்றோர்

உழவின் மேன்மையைக் கூறத் தனியதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் எழுந்த பள்ளிக்கூடங்கள் பல, உழவன் மகனை உழவினின்றும் பிரிக்கும் வாயில்களாகவே அமைந்தன. உடுப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் தந்தை துலாவினால் நீரிறைத்துப் புகையிலை வளர்க்க, மைந்தன் ஆங்கிலங் கற்றுக் கொழும்பிலோ மலாயாவிலோ எழுதுவினைஞனாதலே குடும்பத்தின் பெருங் கனவாயிற்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்னும் பழமொழி அம்மனநிலையை நன்கு காட்டும்.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தில் இதனைக் கண்டு மாற்றுவழி தேடியவர் இரவீந்திரநாத தாகூர். செல்வக்குடியினர் தம் மைந்தரைச் சட்டமும் ஆட்சித்துறையும் பயிலுமாறு இங்கிலாந்துக்கு அனுப்பிய அந்நாளில், அவர் தம் மகன் இரதீந்திரநாதரையும் நண்பரின் மகன் சந்தோஷ் சந்திர மஜும்தாரையும் 1906ஆம் ஆண்டிற் பயிர்த்தொழிற் கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார். இருவரும் ஜப்பான் வழியாக அமெரிக்கா சென்று, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றனர். அடுத்த ஆண்டில் மருமகர் நகேந்திரநாத கங்குலியும் அவர்களைப் பின்தொடர்ந்தார். அயல்நாட்டில் அவர் செலவிடும் பணம் பசித்த குடியானவரின் உணவிலிருந்து வந்ததென்றும், கற்ற கல்வியினால் அக்கடனைத் தீர்த்தல்வேண்டுமென்றும் தாகூர் அவருக்கு எழுதிய கடிதம் குறிப்பிடத்தக்கது. கல்விப் பயணத்தை உரிமையாகவன்றிக் கடனாகக் கருதிய நோக்கு அது.

1909ஆம் ஆண்டிற் பட்டம்பெற்று மீண்ட இரதீந்திரநாதர் சிலைதாவிற் பண்ணையொன்றை அமைத்தார். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள விதையும் தீவன விதைகளும் வருவித்தார். புதிய உழுகருவிகளைப் பயன்படுத்தினார். மண்ணைச் சோதிக்கச் சிறியதோர் ஆய்வுகூடமும் நிறுவினார். ஆயினும், ஒருவரின் பண்ணை எத்துணைச் சிறப்பாயினும் அது பள்ளியாகிவிடாது. கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும் நிலையம் வேண்டியிருந்தது.

அந்நிலையம் 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், சாந்திநிகேதனத்தை அடுத்த சுருலிற் பிறந்தது. அதுவே பின்னர் ஸ்ரீநிகேதனமாயிற்று. அதன் முதற்றலைவர் ஆங்கிலேயராகிய லெனாட் எல்ம்கேர்ஸ்ட் என்பார். கேம்பிரிட்ஜில் வரலாறு பயின்ற அவர், இந்தியச் சிற்றூர்களின் வறுமையைக் கண்டபின், அமெரிக்காவின் கோர்நெல் பல்கலைக்கழகஞ் சென்று வேளாண்மை கற்றவர். எனினும், சுருலில் அவர் கண்டது நூல்களிற் காணாத பாடம்: மண் வளமிழந்தமைக்கு மலேரியாவும், கடனும், ஊராரின் ஒற்றுமையின்மையும் உடன்பிறப்புக்களாய் நின்றன. ஆகவே ஏரும் எருவும் மட்டுமன்றி, சுகாதாரமும் கூட்டுறவும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. 1924இல் வறிய கிராமச் சிறுவருக்காகச் சிக்ஷாசத்திரம் என்னும் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதனை ஏற்று நடத்தியவர் இல்லினாய்ஸ் சென்று மீண்ட சந்தோஷ் சந்திரரே. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட மாணவர் ஆசிரியராயினார். ஆயினும் 1926இல் அவர் காலமானார். மறுவருடம் அப்பள்ளி ஸ்ரீநிகேதனத்துக்கு மாறியது.

இவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. சாந்திநிகேதனத்திற் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், 1930இல் தாகூர் சோவியத்து நாட்டுக்குச் சென்றபோது உடன் சென்றார். உழவர்க்குக் கல்வி அளிக்க அந்நாட்டார் செய்த முயற்சி தாகூரின் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது. பின்னர் ஆரியநாயகம் காந்தியடிகளின் வார்தாவை அடைந்தார். 1937ஆம் ஆண்டு மாநாட்டின்பின் அமைந்த சாகிர் உசேன் குழுவிற் பணியாற்றி, கைத்தொழில்வழிக் கல்வியை வளர்த்த இந்துஸ்தானி தாலிமீ சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார். அக்கல்வித் திட்டத்தில் நூற்றலோடு வேளாண்மையும் ஓர் அடிப்படைத் தொழிலாயிற்று. இலங்கையிலும் வில்மட் பெரேரா சாந்திநிகேதனத்தைக் கண்டு மீண்டு, ஹொரணையில் ஸ்ரீபாலி நிலையத்தை நிறுவினார். 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தாகூரே.

இவர்தம் பயணங்கள் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அயல்நாட்டறிவு தாய்மண்ணிற் சோதிக்கப்பட்ட பின்னரே பயன் தரும். பூவரசங் குழையைத் தோட்டத்திற் புதைத்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணைப் பேணிய யாழ்ப்பாண உழவன் கல்லாதவனல்லன். அவனுடைய கல்வி ஏட்டில் ஏறவில்லை என்பதே குறை. இராசயனப் பசளை அளவிறந்து இடப்பட்டபின், குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையூடே அது ஊறிச் சென்று கிணற்று நீரில் நைத்திரேற்றை மிகுவித்தமையைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புதிய அறிவு வந்தது. ஆனால் அதனை இம்மண்ணோடு பொருத்திக் கற்பிக்கும் ஆசிரியர் போதியளவு இருந்திலர்.

ஆதலின், உழவு கற்பிக்கப் புகுவோர் கடல் கடந்து சென்று கற்பது நன்றே. திரும்பி வந்தபின் உடுப்பிட்டித் தோட்டக்காரனின் கிணற்றடியில் மீண்டும் மாணவராக அமர்தல் அதனினும் நன்று. அவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடும்போதுதான், குடியானவனுக்குப் பட்ட கடன் தீரும்.