எதிர்ப்படமும் பாடவேறுபாடும்

இம்மலரின் முற்பகுதியில் உள்ள கருப்பு வெள்ளை ஒளிப்படத்தை அன்பர்கள் கண்டிருப்பர். 1978ஆம் ஆண்டு நடந்த ஒரு கருத்தரங்கில், நம் வட்டம் தோன்றக் காரணமாயிருந்த மூத்த கவிஞர் மேடையில் நின்று பாடுகிறார். அவருக்குப் பின்னே கருநிறத் துணியில் வெள்ளை எழுத்தாலான பதாகை தொங்குகிறது. அப்படத்தின் பழைய அச்சுப்படி எதுவும் எஞ்சவில்லை. கவிஞரின் இல்லத்தார் தேடித் தந்தது, நெகட்டிவ் என்று நாம் வழங்கும் எதிர்ப்படத் துண்டு ஒன்றே. ஆறு கட்டங்கள் கொண்டது. அதனை ஸ்கேனர் எனப்படும் தட்டை வருடியில் இட்டுப் படமாக்கும் பணியை மலர்க்குழுவினர் என்னிடம் ஒப்படைத்தனர்.

முதற்படியைக் கண்ட நண்பரொருவர், "பதாகை எழுதியவருக்கு ஒற்று தெரியாது போலிருக்கிறதே, அம்மா" என்று நகைத்தார். 'கவிதைக் கருத்தரங்கம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'கவிதைக கருத்தரங்கம்' என்று இருந்தது. அப்பதாகையை எழுதியவர் அக்கவிஞரே என்பதை அந்நண்பர் அறியார். ஒற்றுப்பிழை மலிந்த அழைப்பிதழைத் திருத்தித் திருப்பியனுப்பும் இயல்பினர் அவர். அத்தகையவர் தம் கையால் ஒரு புள்ளியை விட்டிருப்பாரா? புள்ளி எங்கே போயிற்று என்று தேடலானேன்.

எதிர்ப்படத்தின் வரலாறு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், லேகாக் மடம் என்னும் பழைய மாளிகையில் தொடங்குகிறது. 1835ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அம்மாளிகையின் பலகணி ஒன்றை வெள்ளியுப்புப் பூசிய தாளில் படமாக்கினார். அஞ்சல் தலையினும் சற்றே பெரிய தாள் அது. பலகணியின் கண்ணாடிச் சில்லுகள் ஏறத்தாழ இருநூற்றையும் உருப்பெருக்கியின் துணைகொண்டு எண்ண முடிந்தது என்று அவர் அதன் அருகே குறித்து வைத்தார். இன்று எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் அதுவே மூத்தது. ஒளி பட்ட இடம் கருமையாகவும் படாத இடம் வெண்மையாகவும் அமையும் இப்படத்துக்கு எதிர், அதிலிருந்து எடுக்கும் படிக்கு நேர் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை 1840இல் வழங்கியவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல்.

1839இல் பிரான்சில் வெளிப்பட்ட டாகரின் முறையில் ஒரு தகட்டுக்கு ஒரு படமே, படியெடுக்க வழியில்லை. டால்பட்டின் முறையிலோ ஒரு மூலத்திலிருந்து பல படிகள் பிறக்கும். ஏட்டுச்சுவடியோடு பழகியவர்க்கு இது புதிதன்று. எதிர்ப்படம் மூல ஏடு. ஒவ்வொரு அச்சும் பெயர்த்தெழுதிய ஏடு. பெயர்த்தெழுதும் இடந்தோறும் பிழை புகும். வருடி என்பது நம் காலத்து ஏடெழுதுவோன்.

அவ்வேடெழுதுவோன் செய்த பிழைகளுள் முதலாவது நகைப்புக்குரியது. பதாகை எழுத்துகள் வலமிடமாக மாறி நின்றன. படச்சுருளுக்குப் பளபளப்பான முதுகும், வெள்ளி பதிந்த மங்கலான முகமும் உண்டு. நான் முகத்தை மாற்றி வைத்துவிட்டேன். எழுத்தில்லாத படமாயின் இப்பிழை கண்ணிலேயே பட்டிராது; கவிஞர் இடக்கையை உயர்த்திப் பாடினார் என்று எழுதியுமிருப்போம்.

இரண்டாவது பிழை அழகியது. கவிஞரின் வெண்ணிற மேலாடைமீது நீரில் கல்லெறிந்தாற் போன்ற வளையங்கள் தோன்றின. பூஞ்சை என்று எண்ணி அஞ்சினேன்; அன்று. சுருண்டிருந்த படலத்தின் பளபளப்பான பக்கம் வருடியின் கண்ணாடியை முழுதும் தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தது. இடையே சிக்கிய மெல்லிய காற்றின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டு மீளும் ஒளியலைகள் தம்முள் கூடியும் கழிந்தும் இவ்வளையங்களை ஆக்குகின்றன. காற்றின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே அடுத்த வளையம் பிறந்துவிடும். 1665இல் ராபர்ட் ஹூக் தம் 'மைக்ரோகிராஃபியா' நூலில் இவ்வகை நிறங்களை விரித்துரைத்தார். அளந்து ஆராய்ந்து 1704இல் 'ஆப்டிக்ஸ்' நூலில் வெளியிட்ட நியூட்டனின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. முதலில் கண்டவருக்குப் பெயர் கிட்டாமற்போவது இலக்கிய உலகில் மட்டும் நிகழ்வதன்று. படலத்தைத் தடித்த நூல்களின் அடியில் இரண்டு நாள் வைத்துச் சமன்செய்து, மங்கலான முகம் கீழ்நோக்குமாறு சட்டத்தில் பொருத்திக் கண்ணாடியிலிருந்து சற்றே உயர்த்தி வைத்ததும் வளையங்கள் அகன்றன.

அடுத்து இரண்டு நெடுங்கோடுகள். இங்கேதான் பதிப்பாசிரியர்களின் நெறி எனக்குக் கைகொடுத்தது. 1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். படலத்தை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்து நானும் இரண்டாம் முறை வருடினேன். ஒரு கோடு படத்தோடு சேர்ந்து நகர்ந்தது. மற்றது நின்ற இடத்திலேயே நின்றது. நகர்ந்தது படலத்தின் காயம். ஆறு கட்டங்களையும் கடந்து ஓடியது. 1978இலேயே கருவிக்குள் ஏதோ ஒரு துகள் கீறியதாகலாம். நகராதது வருடியின் குற்றம். வருடி தன் விளக்கொளியை முதலில் அளந்துகொள்ளும் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு தூசு இருந்தது. துடைத்ததும் கோடு போயிற்று.

புள்ளி மட்டும் திரும்பவில்லை.

இவ்விடத்தில் வேறொரு செய்தியைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை மெழுகூட்டிய தாள் எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சூழ்ந்த கல்வெட்டுகளைத் தனித்தனியே எடுத்து, 21 படிகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். கல்வெட்டு பயில்வோர் அவரை எவ்வளவு போற்றினும் தகும். ஆயினும் அதே டிரைப் தம் எதிர்ப்படங்கள் பலவற்றில் குறைகளை மறைக்க வண்ணம் தீட்டியவர். வெறுமையாய் விழுந்த வானில் மேகங்களைத் தாமே வரைந்தவர். அம்மேகங்கள் 1858இன் வானத்தில் இருந்தவையல்ல. ஆனால் கையால் இட்டவை என்பதால் கூர்ந்து நோக்குவார் கண்ணுக்கு அவை அகப்படுகின்றன. எந்திரம் செய்யும் திருத்தம் அவ்வாறு எளிதில் அகப்படுவதில்லை.

படத்தை எண்ணாக்கும் முயற்சி 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரால் வெற்றி பெற்றது. மூன்று திங்கள் நிரம்பிய தம் மகனின் படத்தை 176 வரிசையும் 176 நிரலுமாகக் கூறுபடுத்திக் கணினிக்குள் செலுத்தினார். அவர் கருவிக்குக் கருப்பு, வெள்ளை இரண்டே தெரியும். சாம்பல் நிறத்துக்காக வெவ்வேறு எல்லையளவில் பலமுறை வருடி ஒன்றாக்க நேர்ந்தது. எது கருப்பு, எது வெள்ளை என்னும் முடிவை அன்றே எந்திரத்திடம் விட்டுவிட்டோம். இன்றைய மென்பொருளிடம் எது தூசு என்னும் முடிவையும் விட்டிருக்கிறோம்.

தூசு நீக்கும் பொறி அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது. வண்ணப் படலத்தின் சாயங்கள் அவ்வொளியைத் தடுப்பதில்லை. தூசும் கீறலும் தடுக்கும். ஆகவே தடுத்த இடத்தையெல்லாம் மென்பொருள் அக்கம்பக்க நிறத்தால் நிரப்பிவிடும். வண்ணத்துக்கு இது நல்ல மருந்து. பழைய கருப்பு வெள்ளைப் படலத்திலோ உருவமே வெள்ளித் துகளாலானது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். பதாகையின் வெண்புள்ளி, எதிர்ப்படத்தில் செறிந்த ஒரு வெள்ளிப் பொட்டு. பொறியின் கண்ணுக்கு அது தூசு, நீக்கிவிட்டது. நானும் அப்பொறியை நிறுத்தாமலே நான்கு இரவுகள் வருடியிருக்கிறேன்!

மெய்க்குப் புள்ளி என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஓலையில் புள்ளியிட்டால் துளை விழும் என்று ஏடெழுதினோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். கற்பவன் தன் புலமையால் இட்டுப் படித்தான். அவர்கள் விட்டது ஏட்டைக் காக்க. எந்திரம் விட்டது தூசைப் போக்க.

பொறியை நிறுத்தி வருடியபோது 'க' மீது ஒரு வெண்புள்ளி வந்து நின்றது. அருகிலேயே பத்துப் பன்னிரண்டு வெண்புள்ளிகளும் வந்தன. எதிர்ப்படத்தில் ஒட்டிய தூசும் நேர்ப்படத்தில் வெண்மையாகவே தோன்றும். நான் வேண்டியவாறே ஒரு தூசு எழுத்தின் மேல் அமர்ந்ததாகவும் இருக்கலாமன்றோ? அடுத்த கட்டத்தை வருடினேன். அதில் கவிஞர் முகம் திரும்பியிருக்கிறார், கை தாழ்ந்திருக்கிறது, ஏனைய புள்ளிகள் ஒன்றும் அங்கில்லை. 'க்' மீதுள்ள புள்ளி மட்டும் அதே இடத்தில் இருந்தது. மூன்றாம் கட்டத்திலும் இருந்தது.

நண்பரிடம் மூன்று படிகளையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா விட்டிருக்க மாட்டார்" என்றார்.

மலரில் உள்ள படத்தில் தூசுகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினேன். கவிஞரின் தோளருகே உள்ள இரண்டு புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தேன். அவை மேடைத் திரையின் வேலைப்பாடா, தூசா என்று பிற கட்டங்களைக் கொண்டும் துணிய முடியவில்லை. படலத்தின் நெடுங்கீறலையும் நீக்கவில்லை.

எதிர்ப்படத் துண்டு வந்த தகரப்பெட்டியைத் திறந்தபோது புளிக்காடியின் மணம் இலேசாக வீசியது. 1948இல் அறிமுகமான டிரை அசிட்டேட் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடியமிலம் விடும். வெளியான அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். இக்கேடு பற்றிய முதல் முறையீடு, படலம் அறிமுகமான பத்தாண்டுக்குள் கோடாக் நிறுவனத்துக்கு இந்திய அரசிடமிருந்தே சென்றது. துண்டைத் தாளுறையிலிட்டுக் கவிஞரின் மகளாரிடம் திருப்பித் தந்தேன். மூடிய தகரப்பெட்டி வேண்டா என்றும், குளிர்ந்து உலர்ந்த இடத்தில் வைத்து ஆண்டுக்கொருமுறை முகர்ந்து பார்க்குமாறும் சொல்லி வந்திருக்கிறேன்.