தைப்பிங்கில் நன்னெறிப் பாடவேளை

மலேசியாவின் தைப்பிங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டப் பள்ளிகளில் நன்னெறிக்கென்று தனிப் பாடவேளை இருந்ததில்லை. 7 வயதிலிருந்து 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல துரைமார் ஒரு கொட்டகை போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக உட்கார வைத்துக் கடமையை முடித்துக்கொண்டார்கள். அந்தக் கொட்டகைகளில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடமாயின.

செலாமா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படிப் படித்தவர் என் அப்பா. பொருளை யாரும் விளக்கியதில்லை என்பார். விளக்கம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கிடைத்தது. கள்ளுக்கடை வாசலில் ஒரு பையன் நின்றால் பொழுது சாய்வதற்குள் அவன் அம்மாவுக்குச் சேதி போய்விடும். கோயில் கணக்கு எழுதியவரும், ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவரும், திருவிழா நாடகம் பழக்கியவரும் அதே வாத்தியார்தான். அவர் கண்ணில் படாமல் வளர முடியாது.

ஆனால் அந்தப் பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். மீசை அரும்பும் வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பால் மரத்துக்கு வேலைக்குப் போனார்கள். அந்த வயதுக்கும் ஒரு மனம் உண்டு என்று மதித்து இடம் கொடுத்தவை, 1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றமும், பிறகு ஊர் ஊராக எழுந்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களும். எழுந்து நின்று பேசவும், மறுத்துப் பேசுபவரைக் கேட்கவும் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். நம் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமே.

அரசு 1983இல் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வியைக் கொண்டுவந்தது. இடைநிலைப்பள்ளிக்கு அது 1989இல் வந்தது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு இந்தப் பாடம். தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் தைப்பிங்கை ஒட்டிய கமுண்டிங் தொழிற்சாலைகளை நம்பி வீடமைப்புப் பகுதிகளுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிப்டு வேலைக்குப் போக, பதின்மூன்று வயதுப் பிள்ளை சாவியோடு தனியே வீடு திரும்பினான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. லயத்தின் கண்கள் இல்லாமற்போன அந்த நேரத்தில் இப்பாடம் வந்ததை நான் பெரிய நல்வாய்ப்பாகவே கருதினேன்.

இடைநிலைப்பள்ளியில் அதைக் கற்பித்தவள் நான். முதலில் 16 நெறிகள்: அன்பு, நேர்மை, நீதி, துணிவு, நன்றியுணர்வு என்று நீளும் பட்டியல். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 36 ஆனது. ஒவ்வொன்றுக்கும் மலாய் மொழியில் வரையறை. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் அதைச் சொல் பிசகாமல் எழுதினால்தான் மதிப்பெண் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக வந்து மலாய் மொழியோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்து நேர்மையின் வரையறையை நெட்டுருப் போட்டார்கள். ஒழுக்கத்தை மனப்பாடத் தேர்வாக்கியது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த அநீதி என்றே இன்றும் சொல்வேன்.

ஒருநாள் பாடநூலை மூடச் சொல்லிவிட்டு, “உன் நண்பன் குண்டர் கும்பலில் சேர்ந்துவிட்டான் என்று உனக்கு மட்டும் தெரியும், என்ன செய்வாய்?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. பிறகு வெடித்தது. “காட்டிக் கொடுத்தா நான் மனுசனா டீச்சர்?” என்றான் ஒருவன். “அவன் அம்மா அழும்போது என்ன சொல்லுவே?” என்று திருப்பிக் கேட்டாள் பின்வரிசைச் சீனப் பெண். மணி அடித்தும் யாரும் எழவில்லை. வரையறை எழுதத் திணறியவர்கள் அன்று துணிவுக்கும் விசுவாசத்துக்கும் நடுவே நின்று உண்மையாகவே யோசித்தார்கள். அதன்பின் அவர்களே தங்கள் சிக்கல்களைப் பெயர் போடாமல் தாளில் எழுதி என் மேசையில் வைத்தார்கள். காதல், திருட்டு, தங்கையை அடிக்கும் அப்பா என்று எல்லாம் வந்தன. சில தாள்களை வகுப்பில் படிக்கவில்லை. எழுதியவரைத் தேடிப் பேசினேன்.

2017இல் தொடங்கிய பாடத்திட்டம் நெறிகளை 18 ஆகக் குறைத்தது நல்லது. ஆனால் அந்த வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள் இல்லாத குறை அப்படியே இருக்கிறது. நீதியைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் தமிழ், சீனப் பிள்ளைகள் ஓர் அறையிலும் மலாய்ப் பிள்ளைகள் வேறோர் அறையிலும் பேசுகிறார்கள். சமயக் கல்வி அவர்களுக்கு உரியபடி நடக்கட்டும். மாதம் ஒரு பாடவேளையாவது எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அவர்கள் எழுதித் தரும் சிக்கல்களை அவர்களையே பேசவிட வேண்டும். அந்த ஒரு பாடவேளைக்குத் தேர்வு வைக்கக் கூடாது.