தஞ்சம் கொடுத்த இனம் தஞ்சம் கேட்ட கதை

பலுச்சி மொழியில் 'பாஹோட்' என்றொரு சொல் உண்டு. பகைவரிடமிருந்து தப்பிவந்து ஒருவரின் காப்பை நாடியவரை அது குறிக்கும். பாஹோட்டைக் கைவிடுதல் பலுச்சியர் மரபில் பெரும் இழுக்கு. ஒட்டகக் கூட்டங்களுக்கு உரியவளான கோஹர் என்னும் பெண், ரிந்த் குலத் தலைவன் மீர் சாக்கரிடம் தஞ்சம் புகுந்தாள் என்றும், அவளுடைய ஒட்டகக் குட்டிகளை லாஷாரி குலத்து இளைஞர் கொன்றமையால் இரு குலங்களும் முப்பது ஆண்டுகள் போரிட்டு அழிந்தன என்றும் அம்மக்களின் கதைப்பாடல்கள் கூறும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று பிரித்தல் அரிது. ஆயினும் ஓர் இனம் தன்னைப் பற்றி எக்கதையைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறது என்பதும் வரலாறே.

அந்த இனத்தின் தலைவர்கள் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வாசலில் பாஹோட்டுகளாக நின்று வருகின்றனர்.

நான் வகுப்பறையில் வரலாறு படிப்பித்த காலத்தில், அலெக்சாந்தரின் படை நீரின்றி மடிந்த பாலைநிலம் என்பதற்கு மேல் பலுச்சிஸ்தானைப் பற்றிச் சொல்லப் பாடநூலில் எதுவும் இருந்ததில்லை. அந்நிலத்தின் நடுவே கலாத் என்னும் சமஸ்தானம் இருந்தது. அதனை ஆண்ட கான் பரம்பரையினர் பிராகுயி மக்கள். அவர்களின் பிராகுயி, தமிழோடு உறவுடைய திராவிட மொழி என்பதை நம்மவர் பலர் அறிவர். பிரித்தானியர் வெளியேறிய 1947 ஓகஸ்டில் கலாத் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது. அதன் இரு சபைகளும் பாக்கிஸ்தானுடன் இணைவதை ஏற்க மறுத்தன. 1948 மார்ச் 27ஆம் நாள் நெருக்குதலின் மத்தியில் கான் இணைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

கானின் தம்பி இளவரசர் அப்துல் கரீம் இதற்கு உடன்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் தம் ஆதரவாளருடன் ஆப்கானிஸ்தானுக்குள் சென்று உதவி கோரினார். காபுல் ஆட்சியாளர் படையுதவி தர மறுத்துவிட்டனர். வேண்டுமானால் அரசியல் அகதிகளாகத் தங்கலாம், அன்றேல் திரும்பிச் செல்லலாம் என்பதே கிடைத்த மறுமொழி. அவர் திரும்பினார். சிறைப்பட்டார். பத்து ஆண்டுத் தண்டனை பெற்றார்.

கால் நூற்றாண்டின் பின் காபுலின் கதவு திறந்தது. 1973 பெப்ரவரியில் சுல்பிகார் அலி பூட்டோ, அதாவுல்லா மெங்கலின் மாகாண அரசைக் கலைத்தார். நான்கு ஆண்டுகள் மலைகளில் போர் நடந்தது. ஆயிரக்கணக்கான மர்ரி குலத்தவர் ஆப்கானிஸ்தானில் முகாம்களில் வாழ்ந்தனர். பின்னர் அவர்களின் தலைவர் கைர் பக்ஷ் மர்ரியும் அங்கு சென்று சேர்ந்தார். காபுலின் மனம் இளகியமைக்குக் காரணம் இரக்கமன்று. எல்லைத் தகராற்றில் பாக்கிஸ்தானை உறுத்த ஒரு முள் தேவைப்பட்டது. 1992இல் நஜிபுல்லாவின் ஆட்சி வீழ்ந்தபோது அந்தத் தஞ்சமும் முடிவுற்றது. அவ்வாண்டே மர்ரி நாடு திரும்பினார்.

நவாப் அக்பர் புக்தியின் கதை இவ்வளவு நேரானதன்று. 1952இல் எரிவாயு கண்டறியப்பட்ட சுயி அவருடைய குலத்தாரின் மண்ணில் உள்ளது. 1973இல் படைகள் மர்ரி, மெங்கல் குலத்தவர் மீது பாய்ந்தபோது, பூட்டோவின் ஆளுநராகப் பதவியில் அமர்ந்திருந்தவர் இதே புக்திதான். பலுச்சித் தலைவர்களைப் போற்றி எழுதுவோர் இதனை எளிதில் கடந்து போவர். நாம் அவ்வாறு செய்யலாகாது. முதுமையில் அவர் மைய அரசுடன் முரண்பட்டு மலையேறினார். 2006 ஓகஸ்ட் 26ஆம் நாள், எண்பதை நெருங்கிய வயதில், கோலு மலைக் குகையொன்றில் இராணுவ நடவடிக்கையின்போது உயிரிழந்தார். பூட்டிட்ட பேழையில், பிள்ளைகள் எவரும் அருகில் இன்றி, தேரா புக்தியில் அவரை அடக்கம் செய்தனர்.

அவருடைய பேரன் பிரஹம்தாக் புக்தி ஆப்கானிஸ்தானுக்குத் தப்பிச் சென்றார். பாக்கிஸ்தான் அவரை ஒப்படைக்குமாறு வற்புறுத்தியது. 2010 ஒக்டோபரில் அவர் சுவிற்சர்லாந்தை அடைந்து அரசியல் தஞ்சம் கோரினார். 2012 ஜனவரியில் அவருடைய சகோதரியும் அவரது மகளும் கராச்சி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சுவிசில் விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தபாற்பெட்டியைப் பார்த்திருப்பது எப்படி என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பிரயாணப் பத்திரம் இன்றி வேறு நாடுகளுக்குச் சென்று தம் மக்களுக்காகப் பேச இயலவில்லை என்பது பிரஹம்தாக்கின் முறைப்பாடு. 2016 ஓகஸ்ட் 15ஆம் நாள் இந்தியப் பிரதமர் மோடி செங்கோட்டை உரையில் பலுச்சிஸ்தான் மக்களுக்கு நன்றி கூறினார். மறுமாதமே பிரஹம்தாக் ஜெனீவாவிலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் தஞ்சம் கோரி விண்ணப்பித்தார்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடாத நாடு. அகதிகளுக்கென அங்கு தனிச்சட்டம் கிடையாது. 1959இல் தலாய் லாமாவுக்குப் புகலிடம் கிடைத்தது அன்றைய அரசின் தீர்மானத்தால். சட்டம் தந்த உரிமையால் அன்று. உரிமையாக இல்லாத இடத்தில் தஞ்சம் ஆட்சியாளரின் தயவாகிறது. தயவுக்கோ கணக்கு உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் 1983 முதல் தலைமுறைகளைக் கழித்த எம்மவர் அதன் சாட்சிகள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இதனை மேலும் துலக்கியது. முஸ்லிம் ஆனதால் பலுச்சியருக்கு அதில் இடமில்லை. இலங்கையர் ஆனதால் ஈழத்து இந்துவுக்கும் இடமில்லை.

பிரஹம்தாக்கின் விண்ணப்பத்தை ஏற்றதாக டெல்லியிலிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை. செங்கோட்டையில் ஒலித்த நன்றிக்கு அவர் தம் வாழ்வையே பந்தயம் வைத்தது பிழைக்கணக்கு என்பது என் எண்ணம். இந்தியாவின் கையாள் என்று பாக்கிஸ்தான் அவர் மீது சுமத்திவந்த பழிக்கு அவரே சான்று எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, தம் மக்கள் விரும்பினால் சுதந்திரக் கோரிக்கையைக் கைவிட்டுப் பேசவும் ஆயத்தம் என்று கூறியவரும் அவரே. அந்தப் பேச்சு கைகூடியிருந்தால் ஜெனீவாவில் எவருடைய கதவையும் தட்ட நேர்ந்திராது.

2017 நவம்பரில் சுவிற்சர்லாந்து அவருடைய தஞ்சக் கோரிக்கையை நிராகரித்தது. அவர் ஓர் ஆயுதக் குழுவை நடத்துகிறார் என்பது பாக்கிஸ்தானின் குற்றச்சாட்டு. தாம் அரசியல்வாதி மட்டுமே என்பது அவரது மறுப்பு. இலண்டனிலிருந்த ஹைர்பியார் மர்ரிக்கு நிகழ்ந்தது வேறு. பயங்கரவாதக் குற்றச்சாட்டில் 2007இல் பிரித்தானியாவில் கைதான அவர் 2009இல் நீதிமன்றத்தில் விடுதலையானார். பின்னர் அங்கேயே புகலிடமும் பெற்றார். ஒரே போராட்டம், ஒரே எதிரி, இரு நாடுகளில் இரு முடிவுகள்.

தஞ்சம் கிடைத்தோரின் கதையும் நிறைவானதன்று. சுவீடனில் தஞ்சம் பெற்ற பத்திரிகையாளர் சஜித் ஹுசைன் 2020 மார்ச்சில் காணாமற் போய், மறுமாதம் உப்சாலா அருகே ஆற்றில் சடலமாகக் கிடைத்தார். கனடாவில் தஞ்சம் பெற்ற மாணவர் தலைவி கரீமா பலோச் அவ்வாண்டு டிசெம்பரில் ரொறன்ரோவில் இறந்து கிடந்தார். இரண்டிலும் குற்றச்செயல் எதற்கும் சான்றில்லை என்று பொலிசார் கூறினர். உறவினரும் தோழரும் அதனை ஏற்கவில்லை. கரீமாவின் உடல் 2021 ஜனவரியில் அவருடைய பிறந்த ஊரான தும்புக்குக் கொண்டு செல்லப்பட்டது. அன்று அவ்வூர்ப் பாதைகளைப் படையினர் மறித்திருந்தனர். கைத்தொலைபேசிச் சேவையும் துண்டிக்கப்பட்டிருந்தது. குடும்பத்தார் மட்டும் நின்று அடக்கம் செய்தனர்.